தமிழ்க் கோப்புகளும் முனையக் கட்டளைகளும்: தமிழாசிரியர்க்கு ஓர் அறிமுகம்

முன்னுரை

பந்திங் நகரைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த மூதாட்டியரிடம் கேட்டெழுதிய தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அடங்கிய குறுவட்டு ஒன்று அண்மையில் எம் கைக்கு வந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் 2001-ஆம் ஆண்டளவில் தட்டச்சிட்டுச் சேமித்தவை அவை. கோப்புகள் பழுதின்றித் திறந்தன. ஆனால் திரையில் தோன்றியது தமிழன்று. புள்ளிகளும் கோடுகளும் தலைமேல் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளின் குவியலே தோன்றியது. பாடியவர்களுள் பலர் இன்று இல்லை. அவர்கள் வாழ்ந்த தோட்டக் குடியிருப்புகள் பலவும் இல்லை. எஞ்சியிருப்பது அந்தக் குறுவட்டு மட்டுமே.

இத்தகைய கோப்புகள் தமிழாசிரியர் பலரிடமும் உள்ளன. அவற்றை மீட்கவும், மீட்டபின் ஆராயவும் உதவும் கருவிகள் விலையேதுமின்றிக் கிடைக்கின்றன. லினக்ஸ் என்னும் திறமூல இயங்குதளத்தின் முனையக் கட்டளைகளே அவை. அவற்றுள் அடிப்படையான சிலவற்றைத் தமிழ்க் கோப்புகளை முன்னிறுத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டளைகளைக் கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். இங்கு அவற்றின் ஒலிப்பைத் தமிழில் தருகிறோம். புள்ளியிட்டு எழுதப்பட்டவை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டியவை.

முனையம் என்பது யாது?

சுட்டியால் படங்களைச் சொடுக்கி வேலை வாங்குவது ஒரு முறை. செய்ய வேண்டியதைச் சொல்லால் எழுதி ஆணையிடுவது மற்றொரு முறை. அவ்வாறு எழுதுவதற்குரிய சாளரமே முனையம். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய யுனிக்சு இயங்குதளத்திலிருந்து இம்மரபு வளர்ந்தது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்சு லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்ததே இன்று நாம் பயன்படுத்தும் லினக்ஸ்.

கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருங்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் கணினியோடு உரையாடப் பயன்பட்ட தொலைதட்டச்சுக் கருவிகள் நொடிக்குப் பத்து எழுத்தளவே அச்சிட்டன. ஆகவே சொல் சுருங்க வேண்டியதாயிற்று. நூற்பாவின் சுருக்கத்திற்குப் பழகிய தமிழாசிரியர்க்கு இது புதுமையன்று. விரிவுரை மட்டுமே தேவைப்படும். அவ்விரிவுரையும் கணினிக்குள்ளேயே உள்ளது. 'மேன்' என்று எழுதி, இடைவெளிவிட்டு, அறிய விரும்பும் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் விளக்கம் திரையில் வரும்.

மலேசியாவுக்கும் திறமூலம் புதிதன்று. அரசின் நிருவாக நவீனமயமாக்கல் பிரிவாகிய மாம்பு 2004-இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. 2013-இல் நம் பள்ளிகளுக்கு வரத் தொடங்கிய குரோம்புக் கணினிகளின் அடித்தளமும் லினக்ஸே. விண்டோசு பயன்படுத்துவோர் அதனை நீக்க வேண்டியதில்லை. 2016-இல் அறிமுகமான துணையமைப்பின்வழி அதற்குள்ளேயே லினக்ஸ் முனையத்தைத் திறந்துகொள்ளலாம்.

இடமறிதலும் படியெடுத்தலும்

முனையத்தைத் திறந்ததும் நாம் ஏதேனும் ஒரு கோப்புறைக்குள் நிற்கிறோம். எங்கு நிற்கிறோம் என்பதைப் 'பி.டபிள்யூ.டி.' சொல்லும். அங்கு என்னென்ன உள்ளன என்பதை 'எல்.எஸ்.' பட்டியலிடும். அதனோடு இடைவெளிவிட்டுச் சிறுகோடும் எல் எழுத்தும் சேர்த்தால் ஒவ்வொரு கோப்பின் அளவும் நாளும் உடன் தோன்றும். வேறு கோப்புறைக்குச் செல்லச் 'சி.டி.' என எழுதி அதன் பெயரைத் தர வேண்டும். சி.டி.யுடன் இரண்டு புள்ளிகள் இட்டால் ஒரு படி மேலே வரலாம். கோப்புறைப் பெயர்கள் தமிழிலும் இருக்கலாம். பெயரின் முதல் சில எழுத்துகளை எழுதித் தத்தல் விசையை அழுத்தினால் எஞ்சியதைக் கணினியே நிரப்பும்.

புதிய கோப்புறை அமைக்க 'எம்.கே.டிர்', படியெடுக்கச் 'சி.பி.', இடம் மாற்றவும் பெயர் மாற்றவும் 'எம்.வி.', நீக்க 'ஆர்.எம்.' ஆகியவை பயன்படும். இவற்றுள் ஆர்.எம். தனி எச்சரிக்கைக்குரியது. முனையத்தில் நீக்கிய கோப்பு குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை, நேரே மறைந்துவிடும். சிறுகோடும் ஐ எழுத்தும் சேர்த்தால் ஒவ்வொரு கோப்பையும் நீக்குமுன் கணினி நம்மைக் கேட்கும். தொடக்கநிலையினர் ஆர்.எம். கட்டளையை எப்போதும் அவ்வாறே எழுதுவது நன்று.

பழங்கோப்புகளைத் தொடுமுன் செய்ய வேண்டிய முதற்பணி படியெடுத்தலே. மூலத்தை ஒரு கோப்புறையில் அப்படியே வைத்து, படியின்மீது மட்டுமே வேலை செய்தல் வேண்டும். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியோர் கடைப்பிடித்த ஒழுங்கும் இதுவே.

குறியேற்ற மாற்றம்

குறுவட்டில் தமிழ் தோன்றாமைக்குக் காரணம் குறியேற்றம் ஆகும். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடே குறியேற்றம். 1980-களிலும் 1990-களிலும் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் உடன்பாட்டைக் கொண்டிருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருள் நம் ஆசிரியர் பலரைத் தமிழில் தட்டச்சிட வைத்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வேறு எழுத்துருக்கள் வழங்கின. இவற்றுக்கு ஒரு பொதுத்தளம் காண இணையவழி உரையாடிய தமிழன்பர்கள் 1990-களின் பிற்பகுதியில் திஸ்கி குறியேற்றத்தை வகுத்தனர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்னூல்கள் பல திஸ்கியில் வந்தவையே. 1999-இல் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் இரு தரங்களை அறிவித்தது. 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது பல குறியேற்றங்கள் ஒருங்கே வழக்கில் இருந்தன. இன்று ஒருங்குறியே எங்கும் நிலைபெற்றுள்ளது. பழைய உடன்பாடுகள் மறக்கப்பட்டபோது அவற்றில் எழுதப்பட்டவை படிக்க இயலாதவை ஆயின.

முதலில் கோப்பின் இயல்பை அறிய வேண்டும். 'ஃபைல்' என்னும் கட்டளை, கோப்பு யூ.டி.எஃப்-8 வடிவில் உள்ளதா இல்லையா என்று காட்டும். யூ.டி.எஃப்-8 என்பது ஒருங்குறியைச் சேமிக்கும் முறை. யுனிக்சு படைத்த கென் தாம்சனே ராப் பைக்குடன் சேர்ந்து 1992-இல் இதனையும் வகுத்தார். திஸ்கிக் கோப்பைத் 'திஸ்கி' என ஃபைல் கட்டளை பெயரிட்டுச் சொல்லாது. ஆனால் யூ.டி.எஃப்-8 அன்று என்பது தெரிந்துவிடும். எஞ்சியதைத் தட்டச்சிட்டவரின் நினைவும் நம் சோதனையும் தீர்மானிக்கும்.

மாற்றத்திற்குரிய கட்டளை 'ஐகான்வ்'. அதற்கு மூன்று செய்திகள் தேவை: எதிலிருந்து, எதற்கு, எந்தக் கோப்பு. லினக்ஸ் வகைகளுள் பெரும்பாலானவற்றில் ஐகான்வ் திஸ்கியை அறியும் என்பது பலரும் அறியாத நற்செய்தி. திஸ்கியில் கொம்பு முன்னும் மெய் பின்னுமாக, கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் எழுத்துகள் சேமிக்கப்படும். ஒருங்குறியில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக, ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படும். இவ்வரிசை மாற்றத்தையும் ஐகான்வே செய்துவிடுகிறது.

விளைவைப் புதிய கோப்பில் சேமிக்க, கட்டளையின் இறுதியில் > என்னும் குறியிட்டுப் புதுப்பெயர் தர வேண்டும். அப்பெயர் பழைய கோப்பின் பெயராக ஒருபோதும் இருத்தலாகாது. அக்குறியைக் கண்டதும் கணினி அப்பெயருள்ள கோப்பை முதலில் வெறுமையாக்கிவிடும். மாற்றுவதற்கு ஒன்றும் எஞ்சாது. பந்திங் கோப்புகளில் ஒன்றை நாம் இவ்வாறே வெறுமையாக்கினோம். முன்னரே படியெடுத்து வைத்திருந்தமையால் அந்தத் தாலாட்டு பிழைத்தது.

இரண்டு வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். ஐகான்வ் வெற்றுரைக் கோப்புகளுக்கு மட்டுமே உரியது; சொற்செயலிக் கோப்புகளை முதலில் வெற்றுரையாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். பாமினி முதலிய எழுத்துருக் குறியேற்றங்களை அது அறியாது. அவற்றுக்குத் தனி மாற்றிகள் இணையத்தில் உள்ளன.

தேடல்

மாற்றிய கோப்பைப் படிக்க 'லெஸ்' உதவும். முனையச் சாளரத்தில் புள்ளியும் கொம்பும் இடம் விலகித் தோன்றக்கூடும். முனையம் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவு கட்டத்தை ஒதுக்குவதால் நேரும் தோற்றக் குறை இது, கோப்பில் பிழையில்லை. அதே கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்தால் எழுத்துகள் செம்மையாகத் தோன்றும்.

ஒரு சொல் எங்கெங்கு வருகிறது என்று தேடக் 'கிரெப்' பயன்படும். சொல்லையும் கோப்பையும் தந்தால் அச்சொல் வரும் வரிகளை அது காட்டும். சிறுகோடும் என் எழுத்தும் சேர்த்தால் வரியெண்ணும் கிடைக்கும். கோப்புப் பெயர் இருக்குமிடத்தில் விண்மீன் குறியிட்டால் கோப்புறையிலுள்ள எல்லாக் கோப்புகளிலும் ஒரே நேரத்தில் தேடலாம்.

இங்கேதான் இலக்கண அறிவு வேண்டப்படுகிறது. 'மரம்' எனத் தேடினால் 'மரத்தை', 'மரத்தில்' ஆகியவை அகப்படா. ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டது. 'மர' எனச் சுருக்கினால் 'மரபு', 'மரணம்' ஆகியவையும் உடன் வரும். எவ்வடிவங்களைத் தேட வேண்டும் என்பதைக் கணினி அறியாது. புணர்ச்சி அறிந்த ஆசிரியரே அதற்குச் சொல்ல வேண்டும். மேலும், 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கிரெப்புக்கு வேறுவேறு. கண்முன் இருக்கும் சொல் தேடலில் அகப்படாவிடில் இதனை ஐயுற வேண்டும்.

எழுத்தெண்ணிக்கை

வரி, சொல், எழுத்து ஆகியவற்றை எண்ணுவது 'டபிள்யூ.சி.' கட்டளை. 'தமிழ்' என்னும் ஒரு சொல்லை மட்டும் கோப்பில் எழுதி எண்ணச் சொல்வோம். நம் இலக்கணப்படி எழுத்து 3. கட்டளையோ பைட்டுகள் 15 என்றும், எம் எழுத்தைச் சேர்த்துக் கேட்டால் குறிகள் 5 என்றும் கூறும். வரிமுடிவுக் குறியும் இருப்பின் அவை 16, 6 ஆகும்.

இதில் பிழையேதுமில்லை. ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் உள்ளன, யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்வது நம் மரபு. அகரமேறிய மெய்யையும் அதன்மேல் வரும் குறியையும் தனித்தனியே கொள்வது கணினியின் வழக்கு. 'செட்' என்னும் கட்டளையால் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் களைந்துவிட்டு எண்ணினால் 3 என்னும் விடை கிடைக்கும். சொல்லெண்ணிக்கையும் அவ்வாறே. 'வந்திருக்கிறான்' என்பதைச் சேர்த்தெழுதினால் ஒன்று, பிரித்தெழுதினால் இரண்டு என்றே கணினி கொள்ளும். கட்டுரைக்குச் சொல்வரம்பு விதிக்கும் ஆசிரியர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

அகரவரிசை

வரிகளை வரிசைப்படுத்துவது 'சார்ட்'. கலை, களை, கழை, கவை என்னும் நான்கு சொற்களை ஒருங்குறி எண்வரிசைப்படி அடுக்கப் பணித்தால் அவை இதே வரிசையில்தான் நிற்கும். தமிழ் நெடுங்கணக்குப்படி கலை, கவை, கழை, களை என்பதே முறை. பிறிந்திய மொழிகளோடு ஒத்திசைய அமைந்த ஒருங்குறி அட்டவணையில் ளகரமும் ழகரமும் வகரத்திற்கு முன் வருகின்றன. னகரம் நகரத்தையும், றகரம் ரகரத்தையும் அடுத்து வருகின்றன. கணினி தந்த வரிசையை அகராதி வரிசை என நம்பிச் சொல்லடைவு வெளியிடுவோர் இதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

ஒரு கட்டளையின் விளைவை மற்றொன்றுக்கு ஊட்ட | என்னும் செங்குத்துக் கோடு பயன்படும். வரிக்கு ஒரு சொல்லாக அமைந்த கோப்பைச் சார்ட் வழியாகவும், பின் சிறுகோடும் சி எழுத்தும் சேர்த்த 'யூனிக்' வழியாகவும் செலுத்தினால் எச்சொல் எத்தனை முறை வந்துள்ளது என்னும் பட்டியல் கிடைக்கும். பாடநூல் எழுதுவோர்க்கும் நாட்டுப்புற இலக்கிய ஆய்வாளர்க்கும் இதன் பயன் வெளிப்படை.

முடிவுரை

ஒரு மாலைப்பொழுதில் கற்கத்தக்க பதினாறு கட்டளைகளே இங்குக் கூறப்பட்டன. மேலும் கற்க விழைவோர்க்குக் கட்டற்ற மென்பொருள்கள் குறித்து 2012 முதல் தமிழில் எழுதிவரும் கணியம் இணைய இதழ் துணைபுரியும்.

பந்திங் குறுவட்டில் திஸ்கியில் அமைந்தவை இன்று படிக்கத்தக்க தமிழாகியுள்ளன. வேறு குறியேற்றத்தில் அமைந்த சில இன்னும் திறவாதிருக்கின்றன. குறுவட்டுகளுக்கும் ஆயுள் உண்டு. தட்டச்சிட்டவர்களின் நினைவுக்கும் ஆயுள் உண்டு. எந்த எழுத்துருவில் எழுதினோம் என்று சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, ஒவ்வொரு பள்ளியும் தன் அலமாரியிலுள்ள வட்டுகளை எடுத்துப் படியெடுத்து வைக்க வேண்டும். மாற்றும் பணி பின்னர் நடக்கலாம். படியெடுக்கும் பணி காத்திராது.