அறிதுயில் கலைந்த கணினி

உறங்குவது வேறு, உறங்குவது போலக் கிடப்பது வேறு. மனிதர்க்கு மட்டுமன்றி மடிக்கணினிக்கும் இவ்வேறுபாடு உண்டென்பதை எமது தமக்கையாரின் மகனுக்கு நேர்ந்த இடரால் நாம் அறிந்துகொண்டோம்.

கண்டியிலே பயிலும் அப்பிள்ளை, விடுமுறை முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸிலே புறப்பட்டான். மறுநாள் ஒப்படைக்கவேண்டிய கட்டுரையின் இறுதிப் பக்கங்களை எழுதிய கையோடு கணினியை மூடிப் பையினுள் வைத்துக்கொண்டான். போய்ச் சேர்ந்து பையைத் திறந்தபோது கணினி சுட்டது. பழைய பற்றறி வற்றி அணைந்து கிடந்தது. சேமியாத பக்கங்கள் யாவும் போயின.

"மூடித்தானே வைத்தேன், மாமா!" என்று தொலைபேசியிலே அழாக்குறையாகச் சொன்னான்.

"சேமியாதது உன் சோம்பல், தம்பி" என்று நாம் கடிந்துகொண்டோம். அக்கடிதல் பாதியே நியாயமானது என்பது பின்னரே புலனாயிற்று.

கணினியின் துயில் நிலைகளை வரையறுத்த நியமத்தை 1996 ஆம் ஆண்டில் இன்ரெல், மைக்ரோசொப்ற், தொஷிபா ஆகிய நிறுவனங்கள் வெளியிட்டன. அதன்படி, மூன்றாம் நிலையிலே ஏனைய உறுப்புக்கள் அடங்க, நினைவகம் மட்டும் சிறிதளவு மின்னைப் பெற்று நாம் எழுதியவற்றைக் காத்து நிற்கும். திருமாலின் உறக்கத்தை அறிதுயில் என்பர். இதற்கும் அப்பெயர் பொருந்தும். நான்காம் நிலையிலோ நினைவகத்தில் உள்ளவை வட்டிலே எழுதப்பட, கணினி அணைந்துவிடும். 'ஹைபர்னேற்' என்பது இதுவே. புதிய கணினிகள் பலவற்றில், மூன்றாம் நிலைக்குப் பதிலாக, கைத்தொலைபேசி போலத் திரை இருண்டபின்னும் இடையிடையே விழித்துப் பணிபுரியும் முறை அமைந்துள்ளது.

அடுத்த விடுமுறையில் இருவரும் அமர்ந்து ஆராய்ந்தோம். கணினியை மூடித் துயிலச் செய்து, பையில் இட்டு அசைத்தோம். சற்றைக்கெல்லாம் அதன் விளக்கு எரிந்தது. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எவ், ஜி என்னும் எழுத்துக்களைச் சேர்த்து, இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் 'லாஸ்ற்வேக்' என்று இட்டோம். இறுதியாக எழுப்பியது எது என்பதை இக்கட்டளை கூறும். அது காட்டிய குற்றவாளி, மவுஸ்!

கம்பியில்லா மவுஸின் சிறு ஏற்பி கணினியிலே செருகியபடியே இருந்தது. மவுஸும் அதே பையில் இருந்தது. பஸ்ஸின் குலுக்கல் மவுஸை அசைக்க, மவுஸ் கணினியை எழுப்பியது. மூடி முன்னமே மூடியிருந்தமையால் மீண்டும் துயிலுமாறு கட்டளை பிறக்கவில்லை. சும்மா இருந்தால் தானே துயிலும் என்றால், அடுத்தடுத்த குலுக்கல்கள் அதற்கும் இடமளிக்கவில்லை.

பரிகாரம் எளிது. 'டிவைஸ் மனேஜர்' பட்டியலில் மவுஸைத் தெரிந்து, மின் மேலாண்மைப் பகுதியிலே, கணினியை எழுப்பும் அனுமதிக்கு எதிரேயுள்ள அடையாளத்தை நீக்கினோம். மீண்டும் பையை அசைத்தோம். கணினி அசையாது துயின்றது. கணினி துயிலவே மறுப்பின், அதே கட்டளையில் 'லாஸ்ற்வேக்' இருந்த இடத்தில் 'றிகுவெஸ்ற்ஸ்' என இட்டால், தடுத்து நிற்கும் நிரல் எதுவெனத் தெரியும். இதற்கு நிர்வாகி உரிமையோடு சாளரத்தைத் திறத்தல் வேண்டும்.

"பாதிப் பிழை மவுஸினுடையது, தம்பி" என்றோம். "மீதிப் பாதி என்னுடையதுதான், மாமா" என்று சிரித்தான்.

மாணவர்களே, மூடுமுன் சேமியுங்கள். நெடும்பயணமாயின் அறிதுயிலை நம்பாது கணினியை முற்றாக அணைத்துவிடுங்கள். பெற்றோர்களே, பிள்ளையைக் கடியுமுன் பையையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.