காவிரி கற்றுத்தரும் ஆங்கிலம்

வங்கியில் கடன் 'சாங்ஷன்' ஆகிவிட்டது என்றால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா நம்மீது 'சாங்ஷன்ஸ்' விதித்தது என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. முதலாவது அனுமதி. இரண்டாவது தடை. அகராதியைப் புரட்டினால் இரண்டு பொருளும் அடுத்தடுத்த வரிகளில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். எந்த இடத்தில் எது என்பது செய்தியைப் படித்தால்தான் தெரியும்.

இது வெறும் சுவாரஸ்யத்துக்கான விஷயம் அல்ல. டெல்லியில் கரோல் பாக், பழைய ராஜேந்திர நகர் பகுதிகளில் அறை எடுத்துத் தங்கி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் தமிழ் இளைஞர்களில் தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு. மெயின் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் மொழி இலக்கியத் தாள்கள் நீங்கலாகக் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் அச்சாகின்றன. தவிர, 300 மதிப்பெண்ணுக்குக் கட்டாய ஆங்கிலத் தாள் ஒன்று இருக்கிறது. அதில் 25 சதவீதம், அதாவது 75 மதிப்பெண் எடுக்காவிட்டால், மற்ற தாள்களில் எவ்வளவு பிரமாதமாக எழுதியிருந்தாலும் அந்த மதிப்பெண்கள் கணக்கில் சேராது. வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர்கூட ஆங்கிலச் சொற்களில் தடுக்கி விழலாம்.

பலரும் செய்வது மனப்பாடம். நடைபாதைப் புத்தகக் கடைகளில் நார்மன் லூயிசின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றும் விற்கிறது. 1949இல் வெளிவந்த நல்ல புத்தகம்தான். ஆனால் தினம் 20 சொற்கள் என்று பட்டியல் போட்டு உருப்போடுபவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை வரும்போது திங்கட்கிழமைச் சொற்கள் விடைபெற்றுப் போயிருக்கும். தனியாக வந்த சொல் தனியாகவே போய்விடுகிறது.

அடுத்த அறிவுரை, ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தைப் படி என்பது. ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. செய்தி உங்களுக்கு ஏற்கனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு வாதம் செய்வது தலையங்கத்தின் வேலை. விஷயமும் புதிது, சொல்லும் புதிது என்றால் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது? தெரிந்த விஷயத்தைத் தெரியாத மொழியில் படிக்க வேண்டும். காலையில் தமிழ் நாளிதழில் படித்த அதே செய்தியை ஆங்கிலத்தில் தேடிப் படியுங்கள். அதுவும் ஒரே விவகாரத்தை விடாமல் பல வாரம் தொடருங்கள். ஸ்டீபன் கிராஷென் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1980களிலிருந்தே இப்படி ஒரே துறையை ஒட்டிப் படிப்பதைச் சிபாரிசு செய்துவருகிறார். காரணம் எளிது. ஒரு விவகாரத்துக்கென்று சில சொற்கள் உண்டு. அவை திரும்பத் திரும்ப வந்தே தீரும்.

நமக்குக் காவிரியைவிடப் பொருத்தமான விவகாரம் கிடைக்காது. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. ஆங்கிலத்தில் 'ட்ரிப்யூனல்'. 2007 பிப்ரவரியில் அது இறுதி 'அவார்டு' வழங்கியது. அவார்டு என்றால் விருது என்று மட்டும் தெரிந்தவர் யாருக்கு என்ன பரிசு என்று திகைப்பார். தமிழில் 'நடுவர் மன்றத் தீர்ப்பு' என்று முன்பே படித்தவர் திகைக்க மாட்டார். 'ரைப்பேரியன்' என்ற சொல்லும் அப்படித்தான். பட்டியலில் பார்த்தால் மருந்தின் பெயர் போலிருக்கும். தமிழகம், கர்நாடகம், கேரளம், புதுச்சேரி என்று நான்கு பெயர்களை ஒட்டி அது நாலு தடவை வந்துவிட்டால், ஆற்றின் பயனில் உரிமையுள்ள பகுதிகளைக் குறிக்கிறது என்று தானே விளங்கிவிடும். தினமும் வாயில் புரளும் டி.எம்.சி.யைக்கூட விரித்துப் பார்த்தவர்கள் குறைவு: ஆயிரம் மில்லியன் கன அடி, நம் கணக்கில் நூறு கோடி கன அடி.

ஒரு சொல்லின் பொருள் எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் காவிரிதான் காட்டியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்துத் தீர்ப்பளித்தது. ஆறு வாரத்துக்குள் ஒரு 'ஸ்கீம்' உருவாக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கெடு முடிந்ததும், அந்த ஸ்கீம் என்பது எதைக் குறிக்கிறது என்று விளக்கம் கேட்டு மத்திய அரசு நீதிமன்றத்துக்கே போயிற்று. ஸ்கீம் என்றால் மேலாண்மை வாரியம்தான் என்றது தமிழகம். அப்படி அவசியமில்லை என்றது கர்நாடகம். தமிழகம் தொடுத்தது 'கன்டெம்ப்ட்' மனு. பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு இகழ்ச்சி என்று பொருள். இங்கே நீதிமன்ற அவமதிப்பு. கடைசியில் ஜூன் மாதம் வந்தது வாரியம் அல்ல, ஆணையம். 'போர்டு' அல்ல, 'அத்தாரிட்டி'. டெல்டா விவசாயிக்குக்கூட இந்த வித்தியாசம் அந்தக் கோடையில் அத்துபடி. அவர் எந்த அகராதியையும் திறக்கவில்லை.

டெல்லியிலிருந்து காலை 7.15க்கு சரோஜ் நாராயணசாமி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த காலத்தில் இந்த வசதி இலவசமாகவே கிடைத்தது. தமிழில் கேட்டு முடித்துக் காத்திருந்தால் பெரும்பாலும் அதே செய்திகள் ஆங்கிலத்தில் வரும். உச்சரிப்பும் கூடவே கிடைக்கும். பத்திரிகை மட்டும் படிப்பவர்களுக்கு இல்லாத லாபம் அது. 'காவிரி ரௌ' என்று தலைப்பில் வரும் சொல்லை வரிசை என்ற பொருளில் 'ரோ' என்று படித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எழுத்து ஒன்றுதான். சச்சரவு என்றால் ஒலி வேறு.

தலைப்புகளிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பத்தி அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த தனி பாஷை அது. ஒப்புதல் என்றால் 'நாட்', அதாவது தலையாட்டல். எதிர்க்கட்சி அரசை 'ஃப்ளே' செய்ததாகப் போடுவார்கள். நேர்ப்பொருள் தோலை உரிப்பது. தமிழில் நாங்கள் 'சாடல்' என்று போட்டு ஒப்பேற்றுகிறோம். நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்வதும் தலைப்பின் வழக்கம். இதையெல்லாம் புரிந்துகொள்ளலாம், தேர்வுக் கட்டுரையில் எழுதினால் மதிப்பெண் போகும். வெளிநாட்டுச் செய்தியிலும் கவனம் வேண்டும். நம் நாடாளுமன்றத்தில் மசோதாவை 'டேபிள்' செய்தால் தாக்கல். அமெரிக்கக் காங்கிரசில் செய்தால் கிடப்பில் போட்டாயிற்று.

நோட்டு வைத்துக்கொள்பவர்கள் சொல்லை மட்டும் குறிக்காமல் அது வந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்வது நல்லது. ஆங்கிலச் சொற்கள் ஜோடியாகத் திரிபவை. ரயிலில் படுக்கையை 'ரிசர்வ்' செய்கிறோம். நீதிபதி தீர்ப்பை 'ரிசர்வ்' செய்தால் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார் என்று அர்த்தம். வீட்டைக் 'வெகேட்' செய்தால் காலி செய்வது. 'ஸ்டே'யை வெகேட் செய்தால் தடை நீங்கியது. முதல் தடவை படிக்கும்போது அகராதியைத் தொடாதீர்கள். ஒரு சொல் மூன்றாவது நாளும் வந்து நின்றால் எடுத்துப் பாருங்கள். மூன்று நாளில் வராத சொல் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாத சொல்லாக இருக்கலாம்.