பாட்டி தைத்த கவுன். பேத்தி தேடும் காகிதம்!

அமெரிக்காவில் வயதான அம்மாள் ஒருவர் காலமாகி விட்டால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து வீட்டுச் சாமான்களை வாசலிலேயே பரப்பி விற்று விடுவது உண்டு. நாற்காலி, பீங்கான், படச் சட்டம் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். தையல் மிஷினுக்குக் கீழே மட்டும் ஓர் அட்டைப் பெட்டி கிடக்கும். திறந்தால் பழுப்பேறிய காகித உறைகள். உறையின் மேல், இடுப்பு ஒடுங்கிய கவுன் அணிந்து நிற்கும் இரண்டு மூன்று பெண்களின் படம். மூலையில் 15 சென்ட், 25 சென்ட் என்று விலை. உள்ளே, வெங்காயச் சருகு போல மெல்லிய காகிதம், மடித்து மடித்து வைத்தபடி.

பிள்ளைகளுக்கு அது குப்பை. ஆனால் அதற்காகவே விடியற்காலையில் வந்து வாசலில் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "தையல் சாமான் ஏதாவது உண்டா?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி.

அந்தக் காகிதத்துக்குப் பெயர் பேட்டர்ன். நமது வீடுகளில் அதற்கு அவ்வளவாக வேலை இல்லை. ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவு ரவிக்கை ஒன்றைக் கூடவே கொடுத்து விடுகிறோம். தையற்காரர் அதைப் பார்த்து சாக்குக் கட்டியால் கோடு போட்டு வெட்டி விடுகிறார். மேல்நாட்டுக் கவுன் விஷயம் வேறு. முன்பக்கம், பின்பக்கம், கை, காலர், இடுப்புப் பட்டி, பாவாடை என்று பத்துப் பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்தால்தான் உடுப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காகிதம். துணியின் மேல் அதை வைத்து, குண்டூசி குத்தி, ஓரத்தோடு வெட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தையற்காரருக்குக் கொடுக்க வசதி இல்லாத வீடுகளில், அந்தக் காகிதம்தான் தையற்காரர்.

மனைவி சொன்ன ஒரு சொல்

இதற்கு மூலபுருஷர் எபனேசர் பட்டரிக் என்ற ஒரு தையற்காரர். மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் இருந்தவர். 1863-ம் ஆண்டு, பனி கொட்டும் ஒரு மாலையில், அவர் மனைவி எல்லன் சாப்பாட்டு மேஜையில் நீலக் கட்டம் போட்ட துணியை விரித்துக் கைக்குழந்தைக்குச் சட்டை வெட்ட உட்கார்ந்தாராம். அப்போதும் மாதிரித் தாள்கள் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே அளவு. அதைக் குழந்தைக்குத் தக்கபடி குறைப்பதும் கூட்டுவதும் தைப்பவளின் பாடு. குழந்தையின் அளவுக்கே ஒரு மாதிரி இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று எல்லன் அலுத்துக் கொண்டாராம். கணவர் அதைக் காதில் போட்டுக் கொண்டார். கம்பெனி வழிவழியாகச் சொல்லி வரும் கதை இது.

முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தார். மடிக்க முடியவில்லை; தபாலில் அனுப்ப முடியவில்லை. பிறகுதான் டிஷ்யூ காகிதம். ஒரே சட்டைக்குச் சிறிதும் பெரிதுமாக வரிசையாகப் பல அளவுகள் போட்டதுதான் அவர் செய்த புதுமை. வீட்டார் கூடி உட்கார்ந்து மடித்தார்கள். இத்தாலிய வீரர் கரிபால்டியின் உடுப்பைப் போன்ற சிறுவர் உடுப்பு அமோகமாக விற்றது. மறு வருஷமே கடை நியூயார்க்கின் பிராட்வே வீதிக்குப் போய்விட்டது. பெண்களின் உடுப்புக்கான தாள்கள் 1866-ல்தான் வந்தன. 1873-ல் 'டெலினியேட்டர்' என்ற பத்திரிகையையும் அவர்களே ஆரம்பித்தார்கள். பின்னாளில் 1907 முதல் 1910 வரை அதற்கு ஆசிரியராக இருந்தவர் யார் தெரியுமா? நாவலாசிரியர் தியோடர் டிரைசர்! ரவிக்கைப் படத்துக்கும் காலர் படத்துக்கும் நடுவே அவர் பேனா ஓடியது.

பட்டரிக்குக்கு முன்பே இந்த வியாபாரத்தில் இறங்கியவர் ஒரு பெண்மணி. எல்லன் டெமரஸ்ட் என்று பெயர். தொப்பிக்கடை நடத்தியவர். 1860-ல் கணவருடன் சேர்ந்து பத்திரிகை தொடங்கி, இதழோடு ஒரு மாதிரித் தாளையும் வைத்துக் கொடுத்தார். தமது தொழிற்கூடத்தில் கறுப்பினப் பெண்களையும் மற்றவர்களோடு சமமாக வேலைக்கு வைத்தவர் என்று பெயர் வாங்கினார். அந்த நாட்களில் அது சாதாரணக் காரியம் அல்ல. ஆனால் காப்புரிமை வாங்காமல் விட்டு விட்டார். பெயரும் பணமும் பட்டரிக் பக்கம் போய்ச் சேர்ந்தன.

காகிதம் மட்டும் இருந்தால் போதுமா? மிஷின் வேண்டாமா? சிங்கர் 1851-ல் காப்புரிமை பெற்றார். 1856-ல் அவருடைய கம்பெனி தவணை முறையில் மிஷின் கொடுக்க ஆரம்பித்தது. மாதச் சம்பளக்காரன் வீட்டிலும் மிஷின் ஓடத் தொடங்கியது அப்போதுதான். இயந்திரங்களைக் குறை கூறிய காந்தியடிகள்கூட 1924-ல் சிங்கர் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் காணச் சகியாமல், அன்பினால் செய்த இயந்திரம் அது என்பது அவர் கருத்து. சிங்கரின் குடும்ப வாழ்க்கையை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை நடத்தியவர் அவர்! பட்டரிக்கைப் பற்றிச் சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

எழுத்தே இல்லாத தாள்

இன்று 1900-ஐ ஒட்டிய பேட்டர்ன் ஒன்றைப் பிரித்துப் பார்ப்பவர்கள் திகைத்துப் போகிறார்கள். தாளில் ஒரு கோடு கிடையாது. ஓர் எழுத்துக் கிடையாது. வெறும் துளைகள். பெரிய துளை, சிறிய துளை, ஓரத்தில் சிறு வெட்டு. மூன்று துளைகள் வரிசையாக இருந்தால் ஒரு பொருள், தனித்து இருந்தால் வேறு பொருள். சுருக்கம் எங்கே, மடிப்பு எங்கே, எந்தத் துண்டோடு எந்தத் துண்டு என்பதையெல்லாம் இந்தத் துளைகளைப் பார்த்தே புரிந்து கொள்ள வேண்டும். உறையில் நாலு வரி விளக்கம் இருக்கும். மற்றதெல்லாம் உனக்கே தெரியும் என்று கம்பெனி விட்டு விட்டது. அந்தக் காலத்துப் பெண்ணுக்குத் தெரிந்தும் இருந்தது. ரெயில்வே டிக்கெட்டில் பரிசோதகர் போட்ட துளையைப் பார்த்தே விஷயத்தைச் சொல்பவர்கள் இருந்தார்கள் அல்லவா, அதைப் போலத்தான்.

1919-ஐ ஒட்டி மெக்கால் கம்பெனி தாளிலேயே கோடுகளை அச்சடித்துக் கொடுத்தது. பட்டரிக்கும் அதே சமயம் படத்தோடு தனி விளக்கத் தாள் கொடுக்கத் தொடங்கியது. தையல் தெரியாதவளும் தைக்கலாம் என்ற நிலை அதன் பிறகுதான்.

மாவுச் சாக்கும் ரேஷன் கார்டும்

சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது 1930, 1940-களின் உறைகளை. அழகு ஒரு காரணம். அதில் உள்ள கஷ்டமும் ஒரு காரணம்.

1927-ல் வந்த சிம்ப்ளிசிட்டி கம்பெனி விலையைக் குறைத்துப் போட்டது. 1929-ல் அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்தது. வேலையில்லாத வீடுகளில் 15 சென்ட் தாள்தான் புது உடுப்புக்கு வழி. 1932-ல் 'ஹாலிவுட் பேட்டர்ன்' என்று ஒன்று வந்தது. உறையில் சினிமா நட்சத்திரத்தின் படம். விலை அதே 15 சென்ட். துணிக்கு எங்கே போவது? கோதுமை மாவும் கோழித் தீவனமும் பருத்திச் சாக்கில் வந்தன. பெண்கள் சாக்கைப் பிரித்துச் சட்டை தைப்பதைக் கண்ட மில்காரர்கள் சாக்கிலேயே பூப்போட்டு அச்சடிக்க ஆரம்பித்தார்கள். கம்பெனிப் பெயரைக் கழுவினால் போகும் மையில் போட்டார்கள். மாவு வாங்கப் போன கணவன், முன்பு வாங்கிய அதே பூ உள்ள சாக்கைத் தேடிக் கடையில் நிற்க வேண்டியதாயிற்று. ஒரு கவுனுக்கு ஒரு சாக்குப் போதாது அல்லவா?

பிறகு யுத்தம். பிரிட்டனில் 1941 ஜூன் மாதம் துணிக்கு ரேஷன் வந்தது. ஆளுக்கு முதல் வருஷம் 66 கூப்பன். ஒரு கம்பளிக் கவுனுக்கு மட்டும் 11 கூப்பன் போய்விடும். அந்த ரேஷன் 1949 வரை நீடித்தது. அமெரிக்காவில் 1942-ல் வந்த உத்தரவு, பாவாடையின் அகலத்துக்கும் கீழ்மடிப்பின் அங்குலத்துக்கும்கூட வரம்பு கட்டியது. மாதிரித் தாள்களும் ஒடுங்கின. கணவனின் பழைய கோட்டுசூட்டைப் பிரித்துப் பெண்ணுக்குக் கோட்டும் பாவாடையும் வெட்டுவதற்கென்றே பேட்டர்ன் விற்றார்கள். போருக்குப் போனவனின் சூட்டை வெட்டிய மனைவி என்ன நினைத்துக் கொண்டு வெட்டியிருப்பாள் என்பது எந்த உறையிலும் இல்லை.

1947-ல் பாரிசில் கிறிஸ்டியன் டியோர் கஜக் கணக்கில் துணியை அள்ளிவிட்டுப் புதுப் பாணி காட்டியபோது சிலர் கொதித்ததும், பலர் ஏங்கியதும் இதனால்தான். 1952-ல் பட்டரிக் வெளியிட்ட ஒரு கவுன், காலையில் வெட்டத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அணிந்து போகலாம் என்ற விளம்பரத்தோடு வந்து சக்கைப்போடு போட்டது. அதே கவுனைப் பிற்காலத்தில் மறு அச்சுப் போட்டார்கள்; மறுபடியும் விற்றது.

அளவில் ஒரு பொறி

பழைய தாளை வாங்கிப் புதிதாகத் தைக்கப் புகுந்தவர்கள் முதலில் சறுக்குவது அளவில். உறையில் 12 என்று போட்டிருக்கும். 1950-களின் கடைசியில் 12 என்றால் மார்பு 32 அங்குலம். 1967-68-ல் கம்பெனிகள் கூடி அளவை மாற்றின. அதற்குப் பின் 12 என்றால் 34 அங்குலம். கடையில் தைத்து விற்கும் உடுப்பின் 12 வேறு. எண்ணை நம்பி நல்ல பட்டை வெட்டியவர்கள் அழுதிருக்கிறார்கள். அனுபவசாலி எண்ணைப் பார்ப்பதே இல்லை, அங்குலத்தைத்தான் பார்க்கிறார்.

தையலுக்கு விட வேண்டிய ஓரத் துணியும் அப்படித்தான். கம்பெனிக்குக் கம்பெனி, காலத்துக்குக் காலம் மாறும். பிந்தைய தாள்களில் எட்டில் ஐந்து அங்குலம் என்பது வழக்கம். சில பழைய தாள்களில் ஓரமே விட்டிருக்காது. ஆகையால் நேரே நல்ல துணியில் கை வைப்பதில்லை. தாளை மிதமான சூட்டில், தண்ணீர் தெளிக்காமல், இஸ்திரி போட்டு நிமிர்த்துகிறார்கள். மேலே வேறு காகிதம் வைத்து நகல் எடுக்கிறார்கள். மலிவான காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். திருத்தமெல்லாம் நகலில்தான். அசல் தாள் திரும்ப உறைக்குள் போய்விடுகிறது. ஒரு கவுனுக்கு இரண்டு வாரம் ஆனாலும் ஆகும்.

ஏன் இந்தப் பாடு? கடையில் உடுப்புக்கா பஞ்சம்? தைப்பவர்கள் சொல்லும் பதில் எளியது. கடை உடுப்பு யாரோ ஒருத்திக்குத் தைத்தது. இது தனக்கே தைத்தது.

எரிந்தது போக எஞ்சியது

இந்தத் தாள்கள் நிலைக்க வேண்டும் என்று யாரும் அச்சடிக்கவில்லை. ஒரு பாணி போனால் கடைக்காரர் அந்த எண்ணைக் கழித்துக் கட்டுவார். வீட்டில் அடுப்பெரிக்கப் போகும். ராணிகளின் உடுப்பு மியூசியத்தில் இருக்கிறது. குமாஸ்தா மனைவியும் ஆலைத் தொழிலாளியின் மகளும் உடுத்தியது கந்தலாகிப் போய்விட்டது. அவர்கள் உடுத்தியது என்ன என்பதற்குத் தாளே சாட்சி.

இதை உணர்ந்தவர்களில் ஒருவர் நியூயார்க்கில் நாடகங்களுக்கு உடை தயாரித்த பெட்டி வில்லியம்ஸ். ஆயிரக்கணக்கில் சேர்த்தார். பெரும்பாலான உறைகளில் ஆண்டு கிடையாது. பழைய பத்திரிகைகளில் வந்த படத்தையும் எண்ணையும் ஒப்பிட்டே காலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 1997-ல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பு ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே நாடகப் பேராசிரியையாக இருந்த ஜாய் எமரி இந்தத் தொழிலின் வரலாற்றை 2014-ல் புத்தகமாகவே எழுதினார். பல்லாயிரம் பேட்டர்ன்கள் அங்கே படத்தோடு பட்டியலாகி இருக்கின்றன.

உறைக்குள் வேறு பொருள்களும் கிடைக்கும். துருப்பிடித்த குண்டூசி, துணித் துண்டு, யாருடைய இடுப்பளவோ பென்சிலில். சில சமயம் தொலைந்த துண்டுக்குப் பதிலாகச் செய்தித்தாளில் வெட்டிய கை. அதில் தேதியும் இருக்கும்.

எல்லாவற்றிலும் அதிக விலை போவது, ஆலையில் மடித்த மடிப்புக் கலையாத தாள். வாங்கியவள் ஏனோ தைக்கவே இல்லை. பணமில்லையோ, நேரமில்லையோ? அதைப் பிரித்தால் பழையபடி மடிக்க வராது, விலை விழுந்துவிடும். பிரிக்காவிட்டால் அந்தக் கவுன் ஒருநாளும் பிறக்காது. வாங்கி வந்து, மேஜையில் வைத்து, நாட்கணக்கில் பார்த்துக் கொண்டிருப்பவர்கள் உண்டு. சிலர் அப்படியே பெட்டியில் வைத்து விடுகிறார்கள். மற்றவர்கள் கத்திரிக்கோலை எடுத்து வைத்துக் கொண்டு, மெல்ல, முதல் மடிப்பைப் பிரிக்கிறார்கள்.