கவுன்சிலிங்குக்கு காசு இல்லாத மாசம்

ரூம்ல மூணு பேர் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு தூங்கறாங்க. அதனால இந்த எபிசோடை மணிமங்கலம் ஏரிக்கரையில உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுவுல லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

போன வருஷம் ஒரு ராத்திரி, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைல லைன் நின்னு போச்சு. தப்பு என் கோடுலதான். சரி பண்ண 20 நிமிஷம்தான் ஆச்சு. ஆனா ‘வேலை போயிடும்’ங்கிற நினைப்பு மூணு வாரமா விடல. அம்மா போன் பண்ணா எரிஞ்சு விழுந்தேன். ஒரு கவுன்சிலர்கிட்ட விசாரிச்சேன், ஒரு தடவைக்கு 1,500 ரூபாய்னாங்க. வீட்டுக்கு அனுப்பி, வாடகைப் பங்கு, கல்விக்கடன் எல்லாம் போக என் கையில நின்னதே அவ்வளவுதான்.

அப்போதான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல வெளியிட்ட ஒரு படப் புத்தகம் கண்ணுல பட்டது. மன அழுத்தத்தை எப்படிச் சமாளிக்கிறதுன்னு சொல்ற புத்தகம். இணையத்துல இலவசம், பயிற்சிக்கு ஆடியோவும் இருக்கு. இலவசம்னாலே நமக்கு ஒரு சந்தேகம் வருமில்ல? எனக்கும் வந்தது. தேடிப் பார்த்தேன். உகாண்டாவுல இருக்கிற தென் சூடான் அகதிப் பெண்கள் ஏறத்தாழ 700 பேரை வெச்சு இந்த முறையைச் சோதிச்சிருக்காங்க. பாதிப் பேருக்கு அஞ்சு வகுப்பு, பதிவு பண்ணின ஆடியோவோட. நடத்தினவங்க டாக்டர்கள் இல்ல, கொஞ்ச நாள் பயிற்சி எடுத்தவங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தப்பவும், வகுப்புக்குப் போகாதவங்களைவிட இவங்களுக்கு மனவேதனை குறைவா இருந்தது.

அதுல நான் பிடிச்சுக்கிட்டது ஒண்ணுதான். ‘வேலை போயிடும்’னு தோணும்போது அதோட வாதாடக் கூடாது, துரத்தவும் கூடாது. ‘வேலை போயிடும்னு ஒரு நினைப்பு வருது’ன்னு பேர் வெச்சுடணும். அப்புறம் பாதம் தரையில அழுந்தறதையும், ஃபேன் சத்தத்தையும் கவனிச்சு, கையில இருக்கிற வேலைக்குத் திரும்பணும். எரர் லாக்ல ஒரு வரி வந்ததுக்காக சர்வரே செத்துடுச்சுன்னு யாரும் அழறதில்லையே!

முதல்ல தப்பாத்தான் செஞ்சேன். தலைவலி மாத்திரை மாதிரி, பண்ணின உடனே நினைப்பு ஓடிடும்னு எதிர்பார்த்தேன். ஓடல. அது பாட்டுக்கு ஓரமா உட்கார்ந்திருக்கும்போதே அம்மாகிட்ட ஒழுங்கா பேச முடியுதா, அதுதான் கணக்குன்னு புரியவே ரெண்டு வாரம் ஆச்சு. இன்னொண்ணு, பதற்றம் உச்சத்துல இருக்கும்போது புதுசா எதுவும் கத்துக்க முடியாது. அதனால நான் தினமும் டீக்கடையில, டீ ஆறற அந்த ரெண்டு நிமிஷத்துல பழகினேன்.

இது எல்லாத்துக்கும் போதாது. வாரக்கணக்குல தூக்கமே இல்லன்னாலோ, செத்துடலாம்னு தோணினாலோ புத்தகத்தை மூடி வெச்சுட்டு 14416-க்குப் போன் போடுங்க. அரசோட டெலி மானஸ், 2022-ல ஆரம்பிச்சது. 24 மணி நேரமும் இருக்காங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.