முகப்பு அளவில் கரையும் லாபம்

தமிழ்நாட்டு நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியதை ஒட்டி, சமையலறை, அலமாரி, ஃபால்ஸ் சீலிங் ஆகிய அனைத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் செய்துதரும் இன்டீரியர் டிசைன் நிறுவனங்களும் பெருகியுள்ளன. வேலைகள் குறைவின்றி வந்தும் ஆண்டு முடிவில் கையில் பணம் தங்குவதில்லை என்ற குறை இத்தொழிலில் இருப்போரிடம் பரவலாக உண்டு. அதற்கு வாடிக்கையாளரின் பேரத்தைவிட, விலை கணக்கிடப்படும் முறையே பெரிய காரணம்.

அலமாரிக்குப் பெரும்பாலும் முகப்பு அளவில், அதாவது முன்பக்க அகலத்தை உயரத்தால் பெருக்கி வரும் சதுர அடியில், விலை சொல்லப்படுகிறது. 7 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள அலமாரி 49 சதுர அடி. அதனுள்ளே மூன்று தட்டுகள் இருந்தாலும் ஆறு இருந்தாலும் இக்கணக்கு மாறாது. ஆனால் 2 அடி ஆழமுள்ள ஒவ்வொரு தட்டுக்கும் 14 சதுர அடி பிளைவுட் தேவை என்பதால், வாடிக்கையாளர் பின்னர் கேட்கும் மூன்று தட்டுகள் 42 சதுர அடியை விழுங்குகின்றன. 8 அடிக்கு 4 அடி அளவுள்ள முழுப் பலகை ஒன்றின் பரப்பே 32 சதுர அடிதான். இதனுடன் மைக்காவும் ஆசாரியின் கூலியும் சேர, அந்த அலமாரியின் லாபம் பட்டறையிலேயே கரைந்துவிடுகிறது. தட்டு, இழுப்பறை, கீல் ஆகியவற்றின் எண்ணிக்கையையும், நீர்படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 தரமுள்ள பிளைவுட், மற்ற இடங்களுக்கு ஐ.எஸ். 303 என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதி, கையொப்பத்துக்குப் பின் வரும் மாற்றங்களுக்குத் தனி விலை வைப்பதே இதற்குரிய தீர்வு.

அடுத்த கசிவு சதவீதக் கணக்கில் நேர்கிறது. வரி நீங்கலாக 10 லட்சம் ரூபாய் அடக்கமாகும் வேலைக்கு 20 சதவீதம் ஏற்றி 12 லட்சம் பெற்றால், மிஞ்சும் 2 லட்சம் விற்பனைத் தொகையில் ஏறத்தாழ 16.7 சதவீதமே; 20 சதவீதம் வேண்டுமெனில் 12.5 லட்சம் பெற வேண்டும். அலுவலக வாடகை, வரைபடம் வரைபவரின் சம்பளம், ஒப்படைத்த பின் கதவைச் சரிசெய்ய ஆள் அனுப்பும் செலவு யாவும் அந்த மிச்சத்திலிருந்தே போகின்றன. அவசரத்தில் வரியும் சேர்த்தே 12 லட்சம் என்று பேசிவிட்டாலோ, 18 சதவீத ஜி.எஸ்.டி. போக ஏறத்தாழ 10.17 லட்சமே கையில் நிற்கும்.

வடிவமைப்புக்குத் தனிக் கட்டணம் கேட்கத் தயங்கி, வரைபடத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, டைல்ஸ் கடையும் பிளைவுட் கடையும் தரும் கமிஷனில் அதை ஈடுகட்டும் வழக்கமும் உள்ளது. வாடிக்கையாளர் அறியாத கமிஷன் நேர்மையான வருமானம் ஆகாது. அது தெரியவரும் நாளில், அடுத்த வேலையைக் கொண்டுவரும் பரிந்துரையும் அறுந்துபோகிறது. வரைபடம் என்பது உழைப்பு; அதற்குரிய விலையை வெளிப்படையாகக் கேட்பதில் இழுக்கில்லை.

பணவரவின் காலமும் கவனத்துக்குரியது. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் புதுமனை புகுவது பெரும்பாலும் தவிர்க்கப்படுவதால், ஆவணி, தை முகூர்த்தங்களையொட்டி வேலைகள் குவிகின்றன. பால் காய்ச்சி முடிந்த பிறகு கடைசித் தவணை இழுபறியாகிறது. பொருள் வந்திறங்கும்போது, பெட்டிகள் பொருத்தப்படும்போது, கதவுகள் மாட்டப்படும்போது எனத் தவணைகளைப் பிரித்து, இறுதியில் சிறு தொகையை மட்டும் நிலுவையாக வைப்பது இரு தரப்புக்கும் நியாயமானது. வீடு கட்டுவோரும் சதுர அடி விலையை மட்டும் ஒப்பிட்டுக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்காமல், பலகையின் தரமும் தட்டுகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்ட கொட்டேஷனைக் கேட்டுப் பெற வேண்டும்.