பிரேக் ஜாம் ஆன ரீல்!

சேலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? சுமார் 200 கிலோமீட்டர் சம்பந்தம்! சனிக்கிழமை ராத்திரி கடலூர் பஸ்ஸைப் பிடித்தால், ஞாயிறு விடியும்போது தூண்டில் கழியோடு கடற்கரையில் நிற்கலாம். மேட்டூரில் கெண்டை பிடித்துக்கொண்டிருந்த எனக்குக் கடல் பைத்தியம் பிடித்தது இப்படித்தான்.

இரண்டாவது தடவை போனபோது கழி வில்லாக வளைந்தது. “பாறை மீனுதான் சார், விட்றாதீங்க!” என்று பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர் கத்தினார். இந்த மாதிரி நேரத்தில் ரீல் ‘கிர்ர்ர்’ என்று தங்கூசியை விட்டுக்கொடுக்க வேண்டும். என் ரீல் ஊமையாக இருந்தது. அடுத்த நொடி... படக்! மீனும் இல்லை, கொக்கியும் இல்லை.

ஊருக்கு வந்ததும் ரீலை மச்சினனிடம் கொடுத்தேன். நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“ஏனுங் மாமா, போன தடவை கடலுக்குப் போயிட்டு வந்து கழுவுனீங்களா?”

“பைக்குள்ள வெச்சேன்டா.”

“உப்பு பூத்துக் கெடக்குது பாருங்க. பிரேக் ஜாம் ஆன லாரி மாதிரி ஆயிருச்சு!”

சரியான உவமைதான். ரீலில் ‘டிராக்’ என்பது பிரேக். உள்ளே அடுக்கி வைத்த வாஷர்களை ஒரு குமிழ் அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் பிடிப்பு கூடும். மீன் அதைவிட பலமாக இழுத்தால் ஸ்பூல் வழுக்கிச் சுற்றும், தங்கூசி அறுபடாது. 1946-ல் மைசூர் வான் இங்கன் கபினி ஆற்றில் தூண்டில் போட்டுப் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ! அந்தக் கபினித் தண்ணீர்தான் காவிரியோடு கலந்து நம் மேட்டூருக்கு வருகிறது. அத்தனை பெரிய மீனை மல்லுக்கட்டி நிறுத்த முடியாது. ஓடவிட்டு, களைக்கவைத்துத்தான் கரை சேர்க்க வேண்டும்.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது? தங்கூசி தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை. 9 கிலோ தாங்கும் தங்கூசி என்றால் அதிகபட்சம் 3 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து ‘சரியா இருக்கு’ என்று சொல்வது என் பழைய முறை, பலன் பார்த்தீர்கள். பழைய பேப்பர்காரரிடம் இருக்கிற மாதிரி ஒரு ஸ்பிரிங் தராசை நுனியில் கட்டி இழுங்கள். முள் 3-ஐத் தொடும்போது ஸ்பூல் சுற்ற ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு சூட்சுமம். தங்கூசி வெளியே போகப் போக ஸ்பூலில் சுற்றியிருக்கும் விட்டம் குறையும். அது பாதியானால், குமிழைத் தொடாமலேயே இழுவை இரண்டு மடங்காகிவிடும். மீன் தூரமாக ஓடும்போது பதறிப்போய் இறுக்காதீர்கள். கொஞ்சம் தளர்த்துங்கள்.

இனி பராமரிப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பைக்குள் வைத்தாலும் துரு வேலை செய்யும். அதனால் அன்றைக்கே கழுவ வேண்டும். முதலில் குமிழை இறுக்குங்கள், தண்ணீர் உள்ளே போகாது. நல்ல தண்ணீரை மேலாகத் தெளியுங்கள். பக்கெட்டில் முக்குவது, குழாயைத் திறந்து பீய்ச்சுவது இரண்டும் கூடாது. உப்பு உள்ளே போய்விடும். துடைத்து நிழலில் உலர்த்துங்கள். கைப்பிடிக்கும், தங்கூசி ஓடும் சின்ன உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். டிராக் வாஷருக்கு மட்டும் எண்ணெய் விடாதீர்கள், பிடிப்பே போய்விடும். கடைசியாகக் குமிழைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் வாஷர் அமுங்கிப்போகும்.

மீன் தப்பித்ததே என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. வாயில் என் கொக்கி, பின்னால் முழக்கணக்கில் தங்கூசி. நான் ரீலைக் கழுவாததற்குத் தண்டனை அதற்கு!

இப்போதெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை ரீல் கழுவுவதுதான். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“டிபன் பாக்ஸைக் கழுவுங்கன்னு பத்து வருஷமா சொல்றேன்... அதுக்கும் ஒரு டிராக் வெச்சிருக்கலாம்!”