‘பாஸ்’ போட மறுக்கும் உத்தியோகம்

கடையில் பார்க்கும்போது அந்தப் பனியன் வெகு லட்சணமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு தடவை துவைத்துக் கொடியில் போட்டு எடுத்தால், விலாப் பக்கம் இருக்க வேண்டிய தையல் மெள்ள நகர்ந்து தொப்புளுக்கு நேராக வந்து நிற்கிறது! “இதை எந்தப் புண்ணியவான் பார்த்துப் பாஸ் பண்ணினானோ?” என்று அலுத்துக்கொள்கிறீர்கள்.

அப்படிப் பார்ப்பதற்கென்றே கம்பெனியில் ஒருவர் இருக்கிறார். ‘குவாலிட்டி மானேஜர்’ என்று அவருக்குப் பெயர். அவரிடம் அலுத்துக்கொள்கிறவர் நீங்கள் மட்டும் அல்ல. முதலாளி முதல் லாரி டிரைவர் வரை எல்லாருக்கும் அவர்மேல் ஒரு குறை உண்டு. ஆகவே இன்று ஒரே ஒரு நாள் அந்த உத்தியோகத்தை நீங்களே பார்த்துவிடுங்களேன்!

கோயமுத்தூரிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில், பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே பொங்கலூர் இருக்கிறது. தென்னந்தோப்பும் கோழிப்பண்ணையும் நிறைந்த பூமி. திருப்பூர்ப் பனியன் தொழில் ஊர் எல்லைக்குள் அடங்காமல் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கும் கிளை விட்டிருக்கிறது. விடிந்ததும் கம்பெனி வேன்கள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில் இன்று நீங்கள் குவாலிட்டி மானேஜர். வெளிநாட்டுக் குழந்தைகளுக்காக 3,000 டீ-ஷர்ட். இன்று மாலை லாரி ஏறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும்.

காலையில் முதல் வேலை, அடுத்த ஆர்டருக்கு வந்திருக்கும் துணியைப் பார்ப்பது. விளக்கு எரியும் மேஜைமேல் துணி ஓடுகிறது. எண்ணெய்க் கறை, ஊசி போட்ட கோடு என்று குறை தென்பட்டால் மார்க்குப் போடுகிறீர்கள். பள்ளிக்கூடப் பரீட்சைக்கு நேர் எதிரான மார்க்கு இது, கூடினால் ஆபத்து! 3 அங்குலம் வரை உள்ள குறைக்கு 1 மார்க்கு. 6 அங்குலம் வரை 2. 9 அங்குலம் வரை 3. அதற்கு மேல் 4. நூறு சதுர கஜத்துக்கு 40 மார்க்குக்கு மேல் போனால் துணியைத் திருப்பி அனுப்புவது பொதுவான வழக்கம்.

பிறகு வட்டமாக வெட்டும் ஒரு கருவியால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை எடுத்துத் தராசில் வைக்கிறீர்கள். 1.8 கிராம் இருந்தால், அந்தத் துணி சதுர மீட்டருக்கு 180 கிராம். துணி மெலிந்திருந்தால் இங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொரு துண்டில் சதுரமாகக் கோடு போட்டுத் துவைத்து உலர்த்தி மறுபடி அளக்கிறீர்கள். எவ்வளவு சுருங்கியது, எவ்வளவு முறுக்கிக்கொண்டது என்று தெரிந்துவிடும். உங்கள் பனியன் தையல் தொப்புளுக்கு வந்ததே, அதன் ரகசியம் இதுதான். நூலில் இருக்கும் முறுக்கு, துவைத்ததும் துணியையே ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகிறது. இதைத் துணியாக இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும். தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியுமா?

கட்டிங் மாஸ்டருக்குக் கோபம் வருகிறது. “ஏனுங்க சார், துணி இன்னும் பாஸ் ஆகலீங்களா? என் ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க!” என்கிறார். இன்று உங்களுக்கு அது முதல் வசவு. எண்ணிக்கொள்ளுங்கள்.

பதினொரு மணிக்கு ஓவர்லாக் மிஷின் ஒன்றில் ஊசி முறிகிறது. ஊசி முறிவது அதிசயம் அல்ல. முறிந்த துண்டுகள் எல்லாம் கிடைத்தால்தான் புது ஊசி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். துண்டுகளைக் காகிதத்தில் ஒட்டிச் சேர்த்துப் பார்க்கிறீர்கள். நுனியைக் காணோம்! மிஷினைச் சுற்றி இருக்கும் கட்டுகளையெல்லாம் தனியே ஒதுக்கச் சொல்கிறீர்கள். காந்தத்தைத் தரையில் உருட்டுகிறார்கள். லைன் நின்றுவிடுகிறது. கடைசியில், உலோகம் காட்டும் யந்திரத்தில் ஒவ்வொரு பீஸாக விட்டபோது, ஒரு கழுத்துப்பட்டியின் மடிப்புக்குள்ளிருந்து நுனி அகப்படுகிறது. எள்ளளவுதான். ஆனால் அது ஒரு குழந்தையின் கழுத்தில் உரசவிருந்த எள்!

குழந்தைகள் உடுப்பு என்றால் கெடுபிடி அதிகம். தொப்பியிலும் கழுத்திலும் தொங்கும் கயிறு சறுக்கு மரத்தில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால், 1996-இல் அமெரிக்காவில் அத்தகைய கயிறுகளே வேண்டாம் என்று விதிமுறை வகுத்தார்கள். உடலுக்குக் கேடு செய்யும் சில அஸோ சாயங்களை ஜெர்மனி 1994-இல் தடை செய்தது. பிற்பாடு ஐரோப்பா முழுவதும் தடை வந்தது. ஆக, கெடுபிடிகள் எல்லாம் யாரோ ஓர் அதிகாரியின் வறட்டுப் பிடிவாதத்தால் வந்தவை அல்ல.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்று மூச்சு விடலாம். இந்தத் தொழிலின் பூர்வோத்தரத்தைக் கேளுங்கள். 1924-ஆம் வருஷம் மே மாதம், அமெரிக்காவில் டெலிபோன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த வால்ட்டர் ஷூஹார்ட் என்ற நிபுணர், தம் மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினார். அதில் ஒரு வரைபடம் இருந்தது. முடிந்த சரக்கில் பழுதைப் பொறுக்குவதைவிட, வேலை நடக்கும்போதே அது தடம் புரள்கிறதா என்று கண்டுபிடிக்கலாம் என்பதே அதன் சாரம். நம் பேராசிரியர் மஹலனோபிஸின் அழைப்பின் பேரில் 1947-48-இல் ஷூஹார்ட் இந்தியாவுக்கே வந்தார். நம் பக்கத்து ஆலைகளுக்கு உதவ, தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம் 1956-இல் கோயமுத்தூரில் ஏற்பட்டது.

மணி ஐந்து. லாரி வந்து நிற்கிறது. பெட்டிகள் அடுக்கியாகிவிட்டன. இப்போதுதான் உண்மையான பரீட்சை.

மூவாயிரத்தையும் நீங்கள் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. இரண்டாவது மகா யுத்த காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்குச் சாமான் வாங்குவதற்காக வளர்ந்த ஒரு கணக்கு, இன்று ஐ.எஸ்.ஓ. 2859 என்ற பெயரில் உலகமெங்கும் வழங்குகிறது. அதன்படி 3,000 பீஸுக்கு 125 எடுத்துப் பார்த்தால் போதும். ஏ.க்யூ.எல். 2.5 என்று வியாபாரியோடு ஒப்பந்தம். அதாவது 125-இல் பெரிய குறை உள்ளவை 7 வரை இருந்தால் லாட் பாஸ். 8 என்றால் முழு லாட்டும் நிற்கும்.

பிரித்துப் பார்க்கிறீர்கள். 40-இல் இரண்டு. 80-இல் ஐந்து. 110-இல் ஏழு! கை கொஞ்சம் நடுங்குகிறது. 121-ஆவது பீஸில், மார்புக்கு நேரே கடுகளவு எண்ணெய்க் கறை.

முதலாளியே வந்துவிடுகிறார். “ஒரே ஒரு பீஸுங்க. அதையும் கறைன்னே சொல்ல முடியாதுங்க. துவைச்சாப் போயிருமுங்க. லாரியை நிறுத்தினாக் கப்பல் போயிரும். அப்புறம் விமானத்திலேதான் அனுப்பணும். யார் காசுங்க அது?” என்கிறார்.

அவர் சொல்வதில் பொய்யே இல்லை. விமானக் கூலி ஆர்டரின் லாபத்தையே விழுங்கிவிடும். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவரும் அவர்தான். இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் ‘பாஸ் இல்லை’ என்றால், செக்கிங் பெண்கள் இன்றிரவு வீட்டுக்குப் போகத் தாமதமாகும். வேனுக்காகக் காத்திருக்கும் அவர்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலையிலேயே சொன்னாள்.

என்ன செய்வீர்கள்?

ஏழு என்ற எண்ணை யார் வைத்தது? லாரி வருவதற்கு மாதக்கணக்கில் முன்னால், யாருக்கும் அவசரம் இல்லாத ஒரு நாளில், இரு தரப்பும் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட எண் அது. லாரி நிற்கும்போது அதை எட்டாக்கினால், அடுத்த லாரிக்கு அது ஒன்பதாகும். இத்தனைக்கும் ஏழு என்பதே தாராளமான கணக்குத்தான். இரண்டரை சதவிகிதம் என்றால் 3,000-இல் 75 பழுதுச் சட்டைகள் வரை சகித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்!

“பாஸ் இல்லைங்க” என்கிறீர்கள். குரல் கம்மிப் போகிறது.

ஆனால் அதோடு உங்கள் வேலை முடியவில்லை. அந்த எட்டையும் மேஜைமேல் பரப்புகிறீர்கள். ஐந்தில் ஒரே குறை: கைக்குழியில் தையல் விட்டிருக்கிறது. கட்டுச் சீட்டைப் பார்த்தால், ஐந்தும் ஒரே லைன், ஒரே மிஷின். அங்கே தைத்தவர் தயங்கித் தயங்கி, “நேத்தே மிஷின் தையல் விட்டுச்சுங்க. சொன்னா ஆல்டர் என் தலையிலே விழும்னு சொல்லலீங்க” என்கிறார். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்குப் பல இடங்களில் ஆல்டர் செய்யக் கூலி கிடையாது. அவர் எப்படிச் சொல்வார்?

லாட் முழுவதையும் பார்த்தே தீர வேண்டும். ஆனால் எங்கே கை வைப்பது என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்த மிஷினின் கட்டுகளை முதலில் பிரித்துச் சரி செய்யக் கொடுத்துவிட்டு, மற்றவற்றைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். காய்ச்சல்காரக் குழந்தையின் தாயை முதல் வேனில் அனுப்பிவிட்டு, அவள் இடத்தில் நீங்களே உட்காருகிறீர்கள். நள்ளிரவுக்குமேல் மறுபடி 125. இம்முறை மூன்றுதான். லாரி புறப்படுகிறது. விடிய விடிய ஓட்டினால் கப்பலைப் பிடித்துவிடலாம் என்கிறார் டிரைவர். முதலாளி உங்களோடு பேசவில்லை. ஆனால் அவர் வாங்கி வரச் சொன்ன டீ உங்களுக்கும் வருகிறது.

நாளைக் காலை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. ‘மிஷின் சரியில்லை’ என்று தாமாக வந்து சொல்கிறவருக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்று முதலாளியிடம் போராட வேண்டும். அது கிடைத்தால், பாதிக் குறைகள் பெட்டிக்குள் போகாமலே நின்றுவிடும். இன்று போட்ட சண்டையைவிட அது பெரிய சண்டை!

சரி, வேலையை அவரிடமே ஒப்படைத்துவிட்டு நீங்கள் வீட்டுக்கு வாருங்கள். அடுத்த தடவை பனியன் வாங்கும்போது அதை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். பிசிறு வெட்டியிருக்கிறதா? கைக்குழித் தையலை லேசாக இழுத்தால் வாய் பிளக்கிறதா? இரண்டு பக்கத் தையலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கீழ்மடிப்பு கோணாமல் பொருந்துகிறதா? மூன்றும் சரியாக இருந்தால், எங்கோ ஒருவர் தைரியமாக ‘பாஸ் இல்லை’ என்று சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.